செல்போன் டவர் அலைகள் மனித செல்களை உடைக்கின்றனவா? ஆய்வுகள் சொல்வது என்ன?

கோவளம் தொடங்கி மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் வரை நமது கடற்கரை ஊர்களில் 'கதிர்வீச்சு' என்றாலே கல்பாக்கம்தான் ஞாபகத்துக்கு வரும். 1980-களிலிருந்து அணுமின் நிலையத்துக்குப் பக்கத்தில் வாழ்ந்து பழகிவிட்டோம். அதனால் தெருவில் ஒரு செல்போன் டவர் எழுந்தாலும் அதே அச்சம் தொற்றிக்கொள்கிறது. "மனித செல்லில் டிஎன்ஏ உடைவது ஆய்வில் நிரூபணம்" என்று வாட்ஸ்அப் செய்தியும் கூடவே வந்துவிடும். கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள் உள்ள வீடுகளில் இது தூக்கத்தைக் கெடுக்கிறது. வந்த செய்தியைத் தீர விசாரிக்கச் சொல்லும் மார்க்கம் நம்முடையது. ஆகவே விசாரிப்போம்.

முதலில், இரண்டு கதிர்வீச்சும் ஒன்றல்ல. அணுக்கதிர்கள் டிஎன்ஏ இழையை நேரடியாகவே அறுக்கும் ஆற்றல் உள்ளவை. செல்போன் பயன்படுத்துவது நுண்ணலை. மைக்ரோவேவ் அடுப்பில் இருப்பதும் இதே இனம்தான். ஒரு வேதிப் பிணைப்பை முறிக்கத் தேவையான ஆற்றலில் லட்சத்தில் ஒரு பங்குகூட இந்த அலையின் ஒரு துகளுக்குக் கிடையாது. ஆனால் அது சூடாக்கும். அளவு மீறினால் அந்தச் சூடே செல்லைக் கெடுக்கும். இதில் கருத்து வேறுபாடு இல்லை. சூடு ஏறாத குறைந்த அளவிலும் கேடு உண்டா என்பதில்தான் வழக்கு.

அதைக் கண்டறிய மனிதத் தோலிலிருந்தோ ரத்தத்திலிருந்தோ செல்களை எடுத்து, சத்து நீர் ஊற்றிய தட்டில், உடல் வெப்பமான 37 டிகிரியில் வளர்க்கிறார்கள். ஒரு தட்டுக்கு அலையைச் செலுத்துவார்கள், மற்றொன்றை அப்படியே விடுவார்கள். பிறகு செல்லின் டிஎன்ஏவை மின்சாரத்தால் இழுத்துப் பார்ப்பார்கள். உடைந்திருந்தால் வால்நட்சத்திரம்போல வால் நீளும். வாலை எண்ணுபவருக்கு எந்தத் தட்டு எது என்று தெரியவே கூடாது. தெரிந்தால் கண் ஏமாற்றிவிடும். தட்டு அரை டிகிரி கூடுதலாகச் சூடானாலும் முடிவு குழம்பக்கூடும்.

வாட்ஸ்அப் செய்திகளுக்கு வேர் பெரும்பாலும் 2005-இல் வெளியான வியன்னா ஆய்வுதான். 1800 மெகாஹெர்ட்ஸ் அலையில் வைத்த மனிதத் தோல் செல்களில் டிஎன்ஏ உடைந்ததாக அது சொன்னது. உலகமே பதறியது. 2007-இல் ஜெர்மனியின் உல்ம் நகர ஆய்வுக்கூடம் அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது அந்த முடிவு கிடைக்கவில்லை. 2008-இல் வியன்னாவிலேயே அந்தத் தரவுகள் மீது குற்றச்சாட்டு எழுந்து பெரிய சர்ச்சையானது. முதல் செய்தி மட்டும் இன்னும் சுற்றுகிறது. பின்னால் நடந்ததை யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை!

அதற்காக எல்லாம் முடிந்துவிட்டது என்றும் சொல்ல மாட்டோம். தட்டில் உள்ள செல்லுக்கு ரத்த ஓட்டம் இல்லை, வருடக்கணக்கில் அது வாழ்வதும் இல்லை. அதை வைத்து உடம்பைத் தீர்மானிக்க முடியாது. மக்களிடம் நடந்த ஆய்வுகளைப் பார்த்து 2011-இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை இந்த அலைகளை 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற 2பி பிரிவில் வைத்தது. சான்று போதாதபோது வைக்கும் பிரிவு அது. 2024-இல் அந்த அமைப்பு கேட்டு நடந்த விரிவான மறுஆய்வில், செல்போனுக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு தென்படவில்லை.

நமது அரசு 2012 செப்டம்பர் 1 முதல் டவர்களுக்கான வரம்பைச் சர்வதேச அளவில் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தது. கைபேசிக்கு கிலோவுக்கு 1.6 வாட் என்பது உச்சம். உங்கள் போனில் *#07# அழுத்தினால் அதன் அளவு தெரியும். டவர் பற்றிச் சந்தேகம் இருந்தால் தொலைத்தொடர்புத் துறையின் 'தரங் சஞ்சார்' தளத்தில் பார்க்கலாம்; கட்டணம் செலுத்தி அளந்து தரவும் கேட்கலாம். முஹல்லாவில் டவர் பிரச்சினை வந்தால் ஜமாஅத் கூட்டத்தில் அந்த அளவீட்டு அறிக்கையைக் கேளுங்கள்.

இன்னொன்று: நம் உடம்பில் அதிக அலை படுவது தூரத்து டவரிலிருந்து அல்ல, காதோடு ஒட்டிய போனிலிருந்து. சிக்னல் குறைந்த இடத்தில் போன் இன்னும் பலமாக அலையை வீசும். நீண்ட பேச்சுக்கு இயர்போனோ ஸ்பீக்கரோ போதும். பிள்ளைகளின் தலையணைக்கு அடியில் போன் வேண்டாம்.