வளவில் இறங்கிய விண்கலம்

பொம்மைகள் வாழ்ந்த வீடு – 11

போன வாரம் செப்புச் சாமானோடு நிறுத்தியிருந்தேன். மரத்தில் கடைந்த அந்தச் சின்ன அடுப்பும் குடமும் ஆட்டுக்கல்லும், பிள்ளைகள் நாளைக்கு நடத்தப்போகும் குடித்தனத்தை இன்றைக்கே நடத்திப் பார்க்கச் செய்தவை. இந்த வாரம் சொல்லப்போவது, இதுவரை யாருமே நடத்தாத குடித்தனத்துக்கான சாமான்களைப் பற்றி: ராக்கெட், ரோபோ, விண்கலம், நிலாவில் ஒரு வீடு.

கல்லலில் எங்கள் வீட்டு இரண்டாம் கட்டில் ஒரு கண்ணாடி பீரோ இருக்கிறது. பர்மாத் தேக்கு. மேல் தட்டில் எனாமல் கிண்ணங்கள், கீழ்த் தட்டில் பீங்கான் சாடிகள். நடுத்தட்டில் ஒரு தகர மனிதன் நின்றான். ஐயா பினாங்குக்குக் கொண்டுவிக்க, அதாவது வியாபாரத்துக்கு, போயிருந்தபோது வாங்கி வந்தது. ஒரு சாண் உயரம், சதுரத் தலை, மார்பில் கடிகாரம் போல இரண்டு வட்டங்கள், முதுகில் சாவி. சாவி கொடுத்தால் கையை ஆட்டிக்கொண்டு நடப்பான் என்று அப்பத்தா சொல்வார். நடந்து நான் பார்த்ததில்லை. பீரோச் சாவி அப்பத்தாவின் இடுப்புக் கொத்தில் இருந்தது. கண்ணாடியில் மூக்கு அழுந்த நின்று பார்ப்போம், அவ்வளவுதான்.

அந்தத் தகர மனிதன் எங்கிருந்து வந்தான் என்பதைப் பெரியவனான பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். இரண்டாம் உலகப்போரில் தோற்ற ஜப்பானில் தகரத்துக்கே பஞ்சம். அமெரிக்கப் படையினர் தின்றுவிட்டு வீசிய உணவு டப்பாக்களை வெட்டி விரித்து, அவற்றின் மறுபுறத்தில் வண்ணம் அச்சிட்டுப் பொம்மை செய்தார்கள். 1952 வரை அங்கிருந்து ஏற்றுமதியான பல பொம்மைகளின் அடியில், அந்நியர் ஆக்கிரமிப்பில் இருக்கும் ஜப்பானில் செய்தது என்றே முத்திரை குத்தியிருக்கும். குப்பையில் கிடந்த டப்பாவிலிருந்து வருங்கால மனிதனைச் செய்தார்கள். அந்த மனிதனை நாங்கள் பூட்டி வைத்திருந்தோம்.

வீடு பங்கு பிரிந்தபோது அவன் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனான். செட்டிநாட்டு வீடுகளின் பழைய சாமான்களெல்லாம் கடைசியில் போய்ச் சேரும் தெரு அது. கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒரு கீறல் இல்லையே" என்று சந்தோஷப்பட்டார். நல்ல விலை கொடுத்தார். எந்தப் பிள்ளையும் தொடாததால் கிடைத்த விலை. அந்தப் பணத்தை வாங்கிக்கொண்டு கல்லலுக்குத் திரும்பிய வழியெல்லாம் எனக்கு நெஞ்சு கனத்தது. இன்றும் அந்தக் கனம் போகவில்லை.

1980-களில் பிள்ளைகளாக இருந்த எங்களுக்கு விஞ்ஞானக் கதை காகிதத்தில் வந்தது, பொம்மையாக வரவில்லை. 1972-இல் சிவகாசியில் தொடங்கிய முத்து காமிக்ஸ், இரும்புக்கை மாயாவியைத் தமிழ் பேச வைத்தது. மின்சாரம் பாய்ந்தால் அவர் உடம்பு மறைந்துவிடும், இரும்புக் கை மட்டும் தெரியும். 1984-இல் லயன் காமிக்ஸ் வந்தது. அதில் ஆர்ச்சி என்ற இயந்திர மனிதன். பிள்ளைகள் வைத்த செல்லப் பெயர் சட்டித் தலையன். ஆனந்த விகடனில் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' வந்தபோது வீட்டில் முதலில் யார் படிப்பது என்று பெரியவர்களுக்குள்ளேயே போட்டி நடந்தது. அதில் வரும் ஜீனோ என்ற இயந்திர நாய் வாசித்தது, வாதாடியது, அடம்பிடித்தது. ஜப்பானில் சோனி நிறுவனம் அய்போ என்ற ரோபோ நாயை விற்பனைக்குக் கொண்டுவந்தது 1999-இல்தான். ஜப்பானுக்கென்று ஒதுக்கிய 3,000 நாய்களும் 20 நிமிடத்தில் விற்றுப்போயின. தமிழ்ப் பிள்ளைகள் அதற்குப் பத்தாண்டுக்கு மேல் முன்பே ஒரு ரோபோ நாயோடு மனத்தளவில் வாழ்ந்து முடித்திருந்தார்கள். இதை நான் பெருமையாகவே சொல்கிறேன்.

பொம்மை இல்லாததால் நாங்களே செய்தோம். தீப்பெட்டிதான் எங்கள் செங்கல். பெரிய தீப்பெட்டி உடம்பு, சின்னது தலை, நான்கு தட்டுகள் கைகால், சோடா மூடி கண். சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித் தாளைச் சுற்றிவிட்டால் ஆர்ச்சி தயார். கதையும் சிவகாசி, தீப்பெட்டியும் சிவகாசி. நுங்கு சீசனில் நுங்கு எடுத்த இரண்டு பனங்காய்க் கூந்தலைக் குச்சியில் கோத்து, கவட்டைக் கம்பால் தள்ளிக்கொண்டு தெருப் புழுதியில் ஓடுவோம். மற்றவர்களுக்கு அது நுங்கு வண்டி. எங்களுக்கு நிலாவில் ஓடும் வண்டி. இரண்டும் புழுதியைத்தானே கிளப்புகின்றன?

இவ்வளவும் நினைவுக்கு வந்தது, முன்னோரைக் கும்பிடும் போன படைப்பின்போது. சிங்கப்பூரிலிருந்து தம்பி குடும்பத்தோடு வந்திருந்தான். மகனுக்குப் பத்து வயது, மகளுக்கு ஏழு. பையன் கைப்பெட்டியில் துணியைக் குறைத்துக்கொண்டு ஒரு பெரிய அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்திருந்தான். லெகோவின் கேலக்ஸி எக்ஸ்ப்ளோரர் விண்கலம். 1,254 துண்டுகள்.

லெகோவைத் தொடங்கியவர் ஒரு தச்சர் என்று சொன்னதும் எங்கள் ஆத்தா, பிள்ளைகளுக்கு அப்பத்தா, காதைக் கொடுத்தார். டென்மார்க்கில் பில்லுண்ட் என்ற சிற்றூர். ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் என்ற தச்சருக்கு 1930-களின் பொருளாதார மந்தத்தில் வீடு கட்டும் வேலை நின்றுபோயிற்று. 1932-இல் மரப் பொம்மை செய்ய உட்கார்ந்தார். 'நன்றாக விளையாடு' என்று பொருள் தரும் இரண்டு டேனிஷ் சொற்களைச் சேர்த்து லெகோ என்று பெயர் வைத்தார். மேலே முளை, அடியில் குழல் என்று இன்று நாம் பார்க்கும் கட்டைக்கு 1958 ஜனவரி 28-இல் காப்புரிமை கேட்டார்கள். அன்று செய்த கட்டையும் இன்று செய்த கட்டையும் ஒன்றோடொன்று பொருந்தும். தாத்தா வாங்கிய கட்டையின் மேல் பேத்தி கட்டலாம். எட்டு முளை வைத்த ஒரே நிறக் கட்டைகள் ஆறு இருந்தால் அவற்றை 91,51,03,765 விதமாக இணைக்கலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். 1978-இல் விண்வெளி வரிசை வந்தது. வட்டத் தலையும் தலைக்கவசமும் போட்ட விரல் உயர ஆட்கள், நிலாப் பள்ளங்கள் புடைத்த சாம்பல் நிறத் தட்டு, 1979-இல் 338 துண்டுகளில் முதல் கேலக்ஸி எக்ஸ்ப்ளோரர். நிறுவனத்தின் 90-ஆம் ஆண்டையொட்டி 2022-இல் அதையே பெரிதாக்கி மறுபடி வெளியிட்டார்கள். பையன் கொண்டுவந்தது இதைத்தான்.

பட்டாலைக் கூடத்தில் பாய் விரித்தோம். துண்டுகளை அப்படியே கொட்டினால் கண் எரியும் நீலமும் சாம்பலும். ஆத்தா முறத்தைக் கொண்டுவந்தார். அரிசியில் கல் பொறுக்கும் அதே விரல்களால் நிறம் பார்த்து, அளவு பார்த்துப் பிரித்தார். பனையோலைக் கொட்டான்கள் மூன்று நிறைந்தன. பையன் படம் பார்த்து "நாலு முளை, தட்டை, நீலம்" என்பான். ஆத்தா எடுத்து நீட்டுவார். நாலே நாளில் ஊருக்குப் போய்விடும் பேரனோடு என்ன பேசுவது என்று தவித்துக்கொண்டிருந்தவர், அன்று மத்தியானம் தூங்கவே இல்லை.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு விண்கலம் முடிந்தது. ஆத்தா ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"இதுக்கு வாசல் எந்தப் பக்கம் தம்பி?"

"பின்னால அப்பத்தா. கதவு திறந்தா குட்டி வண்டி இறங்கும்."

"சரி. அங்க போயி இறங்குனவுக எங்க படுப்பாக?"

பையனிடம் பதில் இல்லை. தம்பி, "நல்லா வந்திருக்கு, பீரோவுல வைக்கலாம்" என்று கண்ணாடிக் கதவைத் திறந்தான். தகர மனிதன் நின்ற இடம் இன்னும் காலியாகத்தான் இருந்தது. எனக்கு ஒரு கணம் மூச்சு நின்றது. "ராத்திரி மட்டும் இருக்கட்டும்" என்றேன்.

மறுநாள் காலை காபிக்கு எழுந்து வந்தால் விண்கலத்தில் பாதியைக் காணோம். பையனும் தங்கையும் அதைப் பிரித்து நிலாவில் வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். முகப்பு, வளவு, வளவைச் சுற்றி அறைகள். நடுவில் முற்றம் விட்டபோது பையன் நிறுத்தினான்.

"முற்றம் திறந்திருந்தா காத்தெல்லாம் வெளிய போயிரும் அப்பத்தா. நிலாவுல காத்தே கிடையாது."

"அதுக்கென்ன, மேல கண்ணாடி போடு. மழைக்குப் பயந்து நம்ம முற்றத்துக்கே போட்டுருக்கம்ல."

விண்கலத்தின் மஞ்சள் கண்ணாடி முற்றத்துக் கூரையானது. சின்னவள் வெளியே திண்ணை வைத்தாள். நிலாவில் திண்ணை எதற்கு என்று கேட்டேன். "யாராச்சும் வந்தா உட்காரணும்ல பெரியப்பா." யார் வருவார்கள் என்பதில் அன்று சாப்பாடு முடியும்வரை பேச்சு ஓடியது. வேற்றுக் கிரகத்துக்காரர் என்றான் பையன். நாமக்கல்லிலிருந்து மண் கொண்டுபோனவர்கள் வருவார்கள் என்றேன் நான். உண்மைதான். சந்திரயான் கலங்களை இறக்கிச் சோதித்துப் பார்க்க இஸ்ரோவுக்கு நிலவின் மண்ணை ஒத்த மண் தேவைப்பட்டது. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலைப் பாறைகளிலிருந்து டன் கணக்கில் போயிற்று. 2023 ஆகஸ்ட் 23 மாலை நிலவில் இறங்கி, 6 சக்கரத்தில் ஓடிய 26 கிலோ பிரக்யான் வண்டியையும் பையன் அன்றே கட்டிவிட்டான். அந்தச் சந்திரயான்-3 திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர், ரயில்வே ஊழியரின் மகன் என்றதும் ஆத்தா பையனைப் பார்த்த பார்வையை நான் எழுதத் தேவையில்லை.

விஞ்ஞானக் கதைப் பொம்மையின் வேலை இதுதான் என்று நான் நம்புகிறேன். 'அப்படி இருந்தால் என்ன ஆகும்?' என்ற ஒரு கேள்வியை வீட்டுக்குள் கொண்டுவந்து போடுகிறது. அந்தக் கேள்விக்கு முன்னால் பத்து வயதும் எழுபத்தெட்டு வயதும் ஒன்று. நிலாவில் குடியிருந்த அனுபவம் இருவருக்குமே கிடையாது. ஆனால் வீடு என்றால் என்ன என்று ஆத்தாவுக்குத் தெரியும், காற்று இல்லாத இடம் என்றால் என்ன என்று பேரனுக்குத் தெரியும். இரண்டும் சேர்ந்துதான் அந்த முற்றத்துக்குக் கண்ணாடி போட்டது.

கடையில் இன்று நிறைய விற்பது வேறு வகை, சினிமாப் பெயர் போட்டது. 1977-இல் ஸ்டார் வார்ஸ் படம் வந்தபோது பொம்மை செய்ய உரிமை வாங்கிய கென்னர் நிறுவனத்தால் கிறிஸ்துமஸுக்குள் செய்து முடிக்க முடியவில்லை. பொம்மை பின்னால் வரும் என்று ஒரு சீட்டை அட்டை உறைக்குள் வைத்து விற்றார்கள், அதையும் வாங்கினார்கள். படத்தின் பெயருக்கு அப்படி ஒரு பலம் என்று உலகப் பொம்மைக் கடைகள் கண்டுகொண்டன. 1999-இல் லெகோவும் ஸ்டார் வார்ஸ் பெயரை வாங்கியது. 2017-இல் வந்த மில்லேனியம் ஃபால்கன் விண்கலத்தில் 7,541 துண்டுகள். பெரியவர்கள் கட்டி அலமாரியில் வைப்பதற்கென்றே செய்தது. அழகான வேலைப்பாடு, மறுக்கவில்லை. பிள்ளை கையில் அது ஒரே ஒரு வடிவத்துக்குத்தான் வழிவிடுகிறது, பிரிக்கவும் மனம் வராது. விலையோ கேட்கவே வேண்டாம். வெளிநாட்டுப் பொம்மைக்கு 20 சதவீதமாக இருந்த சுங்க வரி 2020-இல் 60 ஆகி, 2023-இல் 70 ஆகிவிட்டது. அந்தப் பணத்துக்கு வெறும் கட்டைகள் ஒரு பெட்டி வாங்கிக் கொடுங்கள் என்பதே என் கட்சி.

அதுவும் முடியாதவர்களுக்கு அரவிந்த் குப்தா இருக்கிறார். கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்து, லாரித் தொழிற்சாலை வேலையை விட்டு, கிராமத்துப் பிள்ளைகளுக்காகக் குப்பையிலிருந்து பொம்மை செய்யப் போனவர். 2018-இல் பத்மஸ்ரீ பெற்றார். தீக்குச்சியும் சைக்கிள் வால்வு டியூபும் கொண்டு அவர் சொல்லிக்கொடுத்த கட்டுமானத்தை, எதிர் வீட்டுப் பிள்ளைகள் வந்து ஏக்கத்தோடு நின்றபோது செய்து காட்டினேன். டியூபைத் துண்டாக வெட்டி இரு முனையிலும் குச்சி செருக வேண்டும். மூன்று குச்சி முக்கோணம் ஆடாது. நான்கு குச்சிச் சதுரம் அழுத்தினால் சாயும். குறுக்கே ஒரு குச்சி போட்டால் நிற்கும். முக்கோணங்களாகவே அடுக்கிக்கொண்டு போனால் 25 குச்சி, 11 முடிச்சில் ஒரு குவிமாடம் எழும்பிவிடும். நிலாவின் இரண்டாவது வீடு அது. சைக்கிள் கடையில் டியூபுக்கு ஆன செலவு ஒரு டீக்குக் காணாது.

பெற்றோரிடம் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கண் மின்னும் ரோபோக்களில் சட்டைப் பொத்தான் போன்ற பேட்டரி இருக்கும். சின்னப் பிள்ளை அதை விழுங்கி, உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால், எச்சிலின் ஈரத்தில் மின்சாரம் ஓடிக் காரம் உண்டாகி இரண்டு மணி நேரத்துக்குள் சதையைப் பொசுக்கிவிடும். காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து வரவழைத்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம், 1953-இலிருந்து ஆராய்ந்துவரும் துறைகளில் ஒன்று இந்தப் பேட்டரிதான். நம் வீட்டுக்குப் பக்கத்திலேயே அந்த அறிவு இருந்தும் நாம் பேட்டரி மூடியைத் திருப்பிப் பார்ப்பதில்லை. மூடி திருகாணி போட்டு இறுக்கியதா, பொம்மையில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 2021 ஜனவரி 1 முதல் அந்த முத்திரை கட்டாயம். விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே, விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

தம்பி குடும்பம் சிங்கப்பூர் திரும்பிவிட்டது. கிளம்பும்போது பையன் பெட்டியை எடுத்துக்கொள்ளவில்லை. "அடுத்த தடவை வந்து ரெண்டாம் கட்டு கட்டணும், இங்கயே இருக்கட்டும் அப்பத்தா" என்றான். மூன்று கொட்டானும் பட்டாலையிலேயே, பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கின்றன. எதிர் வீட்டுப் பிள்ளைகள் சாயங்காலம் வந்து கட்டுகிறார்கள். சில துண்டுகள் தொலைந்துவிட்டன. ஒன்று முற்றத்துத் தண்ணீர்த் தூம்புக்குள் போனதை நானே பார்த்தேன்.

உங்கள் வீட்டிலும் ஒரு கண்ணாடி பீரோ இருக்கும். அதற்குள் ஒரு பொம்மையும் நிற்கும். இந்த விடுமுறைக்குப் பிள்ளைகள் வரும்போது சாவியை அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள்.

(தொடரும்)