கொசுத்தேனீ
டெட்ரகோனுலா இரிடிபெனிஸ்

சுவர் வெடிப்பிலிருந்து நீளும் இந்த ஒடுங்கிய குழல், மரப்பிசினும் மெழுகும் குழைத்துக் கட்டிய கூட்டு வாசல். ஏறத்தாழ 4 மி.மீ. நீளமுள்ள இத்தேனீ கொட்டாது, சீண்டினால் கடிக்கும். 1854இல் பிரெட்ரிக் சிமித் இவ்வினத்தை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார். தேனை அறுகோண அறைகளில் அல்ல, சிறு மெழுகுக் குடங்களில் சேர்க்கும்.

வெகுதூரம் பறக்காததால், திருகோணமலையின் வீட்டு வளவுகளே இதற்கு மேய்ச்சல் நிலம். பழஞ்சுவர்களை மூடும் சீமெந்துப் பூச்சும், பொந்துள்ள மரங்களை வெட்டுவதும், பூச்சிமருந்தும் இதன் வாழ்வைக் குலைக்கின்றன.

வளவில் முருங்கை நடுங்கள். துளசிக் கதிர்களைக் கிள்ளாமல் பூக்க விடுங்கள். கத்தரிக்கு மருந்தடித்தே ஆகவேண்டுமென்றால், தேனீக்கள் கூடடைந்த பின், பொழுதுபட்டு அடியுங்கள். கச்சான் வீசும் வறண்ட மாதங்களில் சிரட்டையில் கூழாங்கற்களிட்டு நீர் வையுங்கள்.

குழலைத் தொட வேண்டாம்.