ஐந்து தவறு, பத்து நிமிடத் தடை

புதிதாக ஒரு லினக்ஸ் சர்வரை இணையத்தில் ஏற்றி, அதன் முகவரியை யாரிடமும் சொல்லாமல் இருந்தாலும், வெகு விரைவில் யாரோ உள்ளே நுழையப் பார்ப்பார்கள். ஆட்கள் அல்ல, இணைய முகவரிகளை வரிசையாகத் துழாவும் நிரல்கள். ‘ரூட்’, ‘அட்மின்’, ‘டெஸ்ட்’ என்று பெயர்களை மாற்றி மாற்றிப் போட்டு, மக்கள் வழக்கமாக வைக்கும் கடவுச்சொற்களை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்க்கும். 2016-இல் இணையத்தையே தடுமாற வைத்த மிராய் என்னும் தீய நிரல், அறுபது சொச்சம் பெயர்-கடவுச்சொல் ஜோடிகளைக் கொண்டே லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் வசப்படுத்தியது.

தொலைவிலிருந்து சர்வரை இயக்க நாம் பயன்படுத்தும் எஸ்எஸ்எச், 1995-இல் பின்லாந்தில் பிறந்தது. வழியில் யாரும் கடவுச்சொல்லைத் திருடாமல் அது காக்கும். வாசலில் நின்று ஊகிப்பவரை என்ன செய்வது?

சிரில் ஜாக்கியே 2004-இல் பைத்தானில் எழுதத் தொடங்கிய ஃபெயில்டூபேன் என்னும் நிரல் இதற்கு எளிய வழி கண்டது. நுழைவில் நேரும் ஒவ்வொரு தோல்வியையும் சர்வர் தன் லாக் கோப்பில் எழுதிவைக்கிறது: எந்த நேரம், எந்தப் பயனர் பெயர், எந்த ஐபி முகவரி. ஃபெயில்டூபேன் அந்த வரிகளை விடாமல் படிக்கிறது. ஒரே முகவரி பத்து நிமிடத்துக்குள் ஐந்து முறை தோற்றால், ஃபயர்வாலுக்குச் சொல்லி அதைப் பத்து நிமிடம் தடுத்துவிடும். இது வழக்கமான அமைப்பு, வேண்டியபடி மாற்றிக்கொள்ளலாம்.

பத்து நிமிடம் அற்பமாகத் தோன்றும். கணக்குப் போட்டால் தெரியும்: ஒரு முகவரியால் ஒரு நாளில் சுமார் 720 முறைதான் முயல முடியும். பத்தாயிரம் கடவுச்சொற்களைப் பார்த்து முடிக்க இரண்டு வாரம் ஆகும். அதற்கும் அசராமல் ஒரே நாளில் திரும்பத் திரும்ப மாட்டும் முகவரிகளை ஒரு வாரம் தள்ளிவைக்கத் தனி விதி உண்டு.

லாக்கை நம்பும் முறைக்கு லாக்கே பகையாவதும் உண்டு. பயனர் பெயர் கேட்கும் இடத்தில் தாக்குபவர் வேறொருவரின் ஐபி முகவரியைத் தந்திரமாக எழுதிவைத்தால், அந்த வரியைத் தவறாகப் படித்து அப்பாவியைத் தடுத்துவிடும் குறை 2007-இல் வெளிப்பட்டது. வரியின் எந்த இடத்தில் வரும் முகவரியை நம்பலாம் என்று தேடல் வடிவங்களை இறுக்கிச் சரிசெய்தார்கள்.

இன்னொரு குறை ஆழமானது. ஐபி முகவரி என்பது ஆளின் அடையாளம் அல்ல. மொபைல் இணையத்தில் ஒரே முகவரிக்குப் பின்னால் பல நூறு பேர் இருக்கலாம். ஒருவர் செய்த தப்புக்கு எல்லோரும் தடைபடுவார்கள். மாறாக, ஆயிரக்கணக்கான முகவரிகளைக் கையில் வைத்திருக்கும் பாட்நெட், ஒவ்வொன்றிலிருந்தும் ஓரிரு முறை மட்டும் முயன்று விதியில் சிக்காமல் நழுவிவிடும்.

அதனால் தடையை மட்டும் நம்பிக் கடவுச்சொல் நுழைவைத் திறந்து வைப்பதை நான் ஏற்கமாட்டேன். அந்த நுழைவை அடியோடு நிறுத்திவிட்டு, ‘இடி25519’ வகைச் சாவி ஜோடியைப் பயன்படுத்த வேண்டும். அதன் ரகசியப் பாதி உங்கள் கணினியை விட்டு வெளியே போவதே இல்லை. நுழைய முயல்பவர் ஊகிப்பதற்குக் கடவுச்சொல்லே இருக்காது. அதற்குப் பிறகும் ஃபெயில்டூபேனுக்கு வேலை உண்டு: வீண் முயற்சிகளால் லாக் நிரம்பி, உண்மையான கோளாறைக் காட்டும் வரி கண்ணில் படாமல் போவதை அது தடுக்கும்.