முதல் உத்தியோகம்: செவிலியர் பயிற்சி முடித்த நம் இல்லப் பெண்களுக்கு

நெசவாளர் இல்லங்களிலும் விவசாயிகள் இல்லங்களிலும் செவிலியர் படிப்பை முடித்த பெண் ஒருத்தி இருப்பது இன்று அபூர்வமான செய்தியன்று. தறிக் கூலியையும் வெள்ளாமையையும் நம்பி, அவை போதாதவிடத்து வங்கிக் கடனும் பெற்று, பெற்றோர் அவளைப் படிக்க வைக்கின்றனர். கவுன்சிலின் பதிவுச் சான்று கைக்கு வந்த நாளில் வீட்டார் அடையும் மகிழ்ச்சி சொல்லுந்தரமன்று. ஆனால் மறுநாளே புதிய கவலை பிறக்கிறது. "அனுபவம் உண்டா?" என்று மருத்துவமனைகள் கேட்கின்றன. வேலை கிடைத்தாலன்றி அனுபவம் வாராது. அனுபவம் இருந்தாலன்றி நல்ல வேலை கிடைப்பது அரிது. கல்விக் கடனுக்குப் படிப்புக் காலமும் அதற்குமேல் ஓராண்டுமே பொதுவாகத் தவணை விலக்கு உண்டாதலால், காலமும் நெருக்குகிறது. இந்நிலையில் முதல் உத்தியோகத்தைத் தேடுவது எவ்வாறு, அவசரத்தில் எதற்கு இணங்கலாகாது என்பவற்றை அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் அவசியம்.

பதிவுச் சான்றின் மதிப்பு

நம் நாட்டில் செவிலியர் பயிற்சிக்கு நீண்ட வரலாறு உண்டு. சென்னை அரசினர் பொது மருத்துவமனையில் 1871-ஆம் ஆண்டிலேயே பயிற்சிப் பள்ளி தொடங்கிற்று. 1926-இல் சென்னை மாகாணத்தில் செவிலியர், மகப்பேற்றுத் தாதியர் பதிவுக்கெனத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் தில்லியிலும் 1946-இல் பட்டப்படிப்பு ஆரம்பமாயிற்று. மறு ஆண்டில் இந்தியச் செவிலியர் கவுன்சில் சட்டம் வந்தது. இவ்வளவு ஏற்பாடுகளும் ஒரு நோக்கத்திற்காகவே: முறையாகப் பயின்று பதிவு பெற்றவரே நோயாளியின் அருகில் செவிலியராக நிற்கவேண்டும் என்பது.

ஆகவே நான்காண்டுப் பட்டம் பெற்றவராயினும், மூன்றாண்டு ஜி.என்.எம். பட்டயம் பெற்றவராயினும், முதல் வேலை மாநிலக் கவுன்சிலில் பதிவு செய்துகொள்வதேயாகும். வேறு மாநிலத்தில் பணியாற்றச் செல்பவர் அங்குள்ள கவுன்சிலிலும் பதிவு பெறவேண்டும். பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி ஆகியவை பள்ளிச் சான்று, பட்டச் சான்று, ஆதார், கடவுச்சீட்டு அனைத்திலும் ஒன்றாகவே இருக்கின்றனவா என்று இப்போதே ஒத்துப் பார்த்துக்கொள்வது நலம். ஓர் எழுத்துப் பிழை பின்னாளில் பல மாத அலைச்சலைத் தரும்.

சர்க்கார் வேலையும் காத்திருத்தலும்

பெற்றோர் பலரும் சர்க்கார் உத்தியோகத்தையே விரும்புகின்றனர். அது இயல்பே. தமிழ்நாட்டில் 2012-இல் அமைக்கப்பெற்ற மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் செவிலியரைத் தேர்ந்தெடுக்கிறது. எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்கு 2020 முதல் பொதுத் தேர்வு நடைபெற்று வருகிறது. ரயில்வே, இ.எஸ்.ஐ., புதுவை ஜிப்மர், இராணுவச் செவிலியர் பணி ஆகியவையும் தனித்தனியே அறிவிப்பு வெளியிடுகின்றன.

எனினும், சர்க்கார் வேலை என்றவுடன் நிரந்தரம் என்று எண்ணிவிடலாகாது. 2015-இல் தமிழ்நாட்டு வாரியம் 7,243 இடங்களுக்குத் தேர்வு நடத்தியபோது, மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் ஒப்பந்த முறையிலேயே நியமனம் நடந்தது. நிரந்தரமாக்கவேண்டும் என்று கோரி 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் போராடியதை நாடறியும். தொகுப்பூதியம் பின்னர் உயர்த்தப்பட்டது. கொரோனாக் காலத்தில் ஒப்பந்தத்தில் அமர்த்தப்பட்ட செவிலியர் பலருடைய பணி 2022 டிசம்பர் இறுதியோடு முடிவுற்றது. ஆதலால் அறிவிப்பைப் படிக்கும்போது ஊதியத்திற்கு முன்னர், பணியின் தன்மை யாது, முறையான ஊதிய விகிதத்திற்கு எப்போது மாறும் என்பவற்றைப் பார்க்கவேண்டும்.

தேர்வுக்குப் படிப்பதற்காக ஓராண்டு வீட்டிலேயே இருப்பது நல்லதா என்ற கேள்வி எழுகிறது. கூடுமானவரை அது வேண்டாம் என்பதே நம் யோசனை. நெய்யாதிருக்கும் கையில் விசை குறைவது போல, வார்டை விட்டு விலகிய கையிலும் பழக்கம் குறையும். வேலை செய்துகொண்டே படிப்பது கடினமாயினும், நோயாளியின் அருகே கண்டறிந்தது தேர்வுத் தாளிலும் துணை நிற்கும்.

சம்பளத்தோடு கேட்க வேண்டியவை

இனி, பெரும்பாலோர்க்கு முதல் வாய்ப்பு தனியார் மருத்துவமனையிலேயே அமைகிறது. சம்பளம் எவ்வளவு என்பது நியாயமான கேள்வி. 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணையின்படி அமைந்த குழு, 50 படுக்கைக்குக் குறைந்த மருத்துவமனையிலும் செவிலியர்க்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையலாகாது என்றும், 200 படுக்கைக்கு மேற்பட்டவற்றில் அரசுச் செவிலியர்க்கு நிகரான ஊதியம் வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. கேரள அரசு 2018-இல் 20,000 ரூபாயைக் குறைந்தபட்ச ஊதியமாக அறிவித்தது. பரிந்துரை வேறு, நடைமுறை வேறு. ஆயினும் நியாயம் இன்னதென்று அறிந்தவரே பேரம் பேசக்கூடும்.

சம்பளத்தைவிட முக்கியமான கேள்விகள் சில உண்டு. ஒரு முறைவேலையில் ஒரு செவிலியர் எத்தனை நோயாளிகளைப் பார்க்கவேண்டும்? பயிற்சி மருத்துவமனைகளில் மூவர்க்கு ஒருவர், பொது மருத்துவமனைகளில் ஐவர்க்கு ஒருவர் என்பது இந்தியச் செவிலியர் கவுன்சில் வகுத்த அளவு. இருபது பேரை ஒருத்தி தலையில் சுமத்தும் இடத்தில் புதியவள் கற்பது யாது? தவறு நேர்ந்தால் பழி யார்மேல் விழும்? புதியவருக்குத் துணையாக மூத்த சிஸ்டர் எத்தனை வாரம் உடனிருப்பார்? முதல் மாதத்திலேயே தனியே இரவுப் பணி தருவார்களா? விடுதி பாதுகாப்பானதா? இவற்றைப் பணிவோடு கேட்பதில் பிழையில்லை. நல்ல நிர்வாகம் இக்கேள்விகளுக்கு முகம் சுளிக்காது.

சம்பளம் வங்கிக் கணக்கில் வருகிறதா, சேமநல நிதி பிடிக்கப்படுகிறதா என்பதையும் கவனிக்கவேண்டும். அனுபவச் சான்று தர ஒரு நிர்வாகம் பின்னர் மறுத்தாலும், எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை அங்கே வேலை பார்த்தார் என்பதற்குச் சேமநல நிதிக் கணக்கு சாட்சி சொல்லும். நியமனக் கடிதம் எழுத்தில் இல்லாத வேலையை ஒப்புக்கொள்ளுதல் கூடாது.

சான்றிதழை அடகு வைக்கலாகாது

இக்கட்டுரையில் மற்ற எதை மறந்தாலும் இதை அங்கத்தினர்கள் மறக்கலாகாது. சில இடங்களில் வேலையில் சேரும்போதே அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வதும், இரண்டாண்டு அல்லது மூன்றாண்டு விலகுவதில்லை என்று பத்திரம் எழுதி வாங்குவதும், இடையில் விலகினால் பெருந்தொகை கேட்பதும் வழக்கமாயிருக்கின்றன. 2011-லும் அதனையடுத்தும் மும்பை, தில்லி, கொல்கத்தா, கேரளம் ஆகிய இடங்களில் செவிலியர் வேலைநிறுத்தம் செய்தமைக்குக் குறைந்த சம்பளத்தோடு இம்முறையும் ஒரு காரணமாகும்.

இது நெசவாளர்க்குப் புதிய கதையன்று. முதலாளியிடம் முன்பணம் வாங்கிய நெசவாளி அவர் சொன்ன கூலிக்கே நெய்யவேண்டியிருந்தது. வேறிடத்தில் கூடுதல் கூலி கிடைத்தாலும் தறியை விட்டு எழ முடியவில்லை. நூலும் அவருடையது, சேலையும் அவருடையது. கடன் மட்டும் நெசவாளியுடையதாக இருந்தது. அந்தக் கட்டை அவிழ்க்கவே கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றின. அசல் சான்றிதழைப் பிறர் பெட்டியில் வைத்துவிட்ட செவிலியர் நிலையும் அதுவே. வேறு நல்ல வேலைக்கு மனுப்போட முடியாது. சர்க்கார் தேர்வில் வென்றாலும் சான்றிதழ் சரிபார்ப்புக்குப் போக முடியாது. அவமதிப்பு நேர்ந்தாலும் வெளியேற முடியாது.

ஆகையால் அசலைக் காட்டலாம். ஒத்துப் பார்த்தபின் உடனே திரும்பப் பெறவேண்டும். நகலில் கையொப்பமிட்டுக் கொடுத்தால் போதும். ஏதேனும் காரணத்தால் அசலை ஒப்படைத்திருப்பின், இன்ன தேதியில் இன்ன சான்றுகள் பெறப்பட்டன என்று முத்திரையிட்ட ரசீதேனும் இருக்கவேண்டும். மாதம் இரண்டாயிரம் குறைந்தாலும், சான்றிதழ் தன் கையில் இருக்கும் வேலையே மேல்.

கடல் கடந்த வேலை

வெளிநாட்டுச் சம்பளம் பலரை ஈர்க்கிறது. அங்கும் பொதுவாக முதலில் கேட்கப்படுவது அனுபவமே. இரண்டாண்டு கேட்போர் மிகுதி. ஜெர்மனியில் முழுத் தகுதி பெற்ற செவிலியராகப் பணியாற்ற அந்நாட்டு மொழியில் பொதுவாகப் பி-2 நிலைத் தேர்ச்சி தேவை. ஆகவே உள்நாட்டில் பெறும் முதல் உத்தியோகம் வெளிநாட்டுப் பயணத்திற்கும் அடிப்படையாகும். குவைத் வேலைக்கென்று முகவர்கள் செவிலியரிடம் இலட்சக்கணக்கில் பணம் பறித்த செய்திகள் வெளிவந்தபின், குடியேற்ற அனுமதி தேவைப்படும் 18 நாடுகளுக்குச் செவிலியர் சேர்க்கும் பணியை 2015-இல் மத்திய அரசு அரசுசார் நிறுவனங்களிடம் ஒப்படைத்தது. தமிழ்நாட்டில் அப்பணிக்கென அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இயங்கி வருகிறது. உரிமம் பெற்ற முகவராயினும் 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும் தவிர மேற்கொண்டு கட்டணம் வாங்க விதி இடங்கொடுக்கவில்லை. நிலத்தை அடகு வைத்து முகவர்க்குக் கொடுக்க முற்படும் அங்கத்தினர் இதனை ஒருமுறைக்கு இருமுறை சிந்திப்பாராக.

முதல் ஆறு மாதங்கள்

வேலை கிடைத்தபின்னும் சோதனை உண்டு. கல்லூரியில் கற்ற முறைக்கும் வார்டில் நடக்கும் அவசரத்திற்கும் இடையே நிற்கும் புதிய செவிலியர் அடையும் அதிர்ச்சியைப் பற்றி மார்லின் கிரேமர் என்ற அமெரிக்கச் செவிலியர் 1974-இல் ஒரு நூலே எழுதினார். பலர் தொழிலை விட்டு விலகுவது இக்காலத்தில்தான். பெண் தொலைபேசியில் அழுதால், "சம்பளம் வருகிறதே, பொறுத்துக்கொள்" என்று பெற்றோர் உடனே சொல்லிவிடலாகாது. வேலையின் கடுமையா, இடத்தின் கொடுமையா என்று விசாரித்தறிய வேண்டும். முன்னது பழகப் பழகக் குறையும், பின்னது குறையாது.

புதியவர் கைக்கொள்ள வேண்டியவை சில: சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்ற ஐந்தையும் ஒவ்வொரு முறையும் சரிபார்த்தல், தெரியாததைத் தெரியாது என்று மூத்தவரிடம் கேட்டல், செய்ததை அப்போதே பதிவேட்டில் எழுதுதல், முறை மாறும்போது ஒவ்வொரு நோயாளியின் நிலையையும் அடுத்தவர்க்குத் தெளிவாகச் சொல்லி ஒப்படைத்தல். இவற்றில் பழகியவரை எந்த மருத்துவமனையும் விரும்பும்.

கூட்டுறவாளர் செய்யத்தக்கவை

மருத்துவமனையும் கூட்டுறவு முறையில் நடக்கக்கூடியதே. மும்பை தாதரில் உள்ள சுஷ்ருஷா, கேரளத்தில் பெரிந்தல்மண்ணையில் உள்ள ஈ.எம்.எஸ். நினைவு மருத்துவமனை ஆகியவை கூட்டுறவு நிறுவனங்கள். இத்தகையவற்றுக்குக் கடனுதவி அளிக்க, தேசியக் கூட்டுறவு வளர்ச்சிக் கழகம் 2020 அக்டோபரில் 10,000 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றை அறிவித்தது. நம் பகுதியிலும் அத்தகைய முயற்சி தோன்றினால் நன்று.

அதுவரை நாம் செய்யக்கூடியவை எளியவை. தேர்வு வாரிய அறிவிப்புகளைச் சங்க அலுவலகப் பலகையில் ஒட்டலாம். ஏற்கெனவே பணியிலிருக்கும் நம் ஊர்ச் செவிலியரை அழைத்து, எந்த மருத்துவமனையில் கற்கலாம், எங்கே சான்றிதழைப் பிடித்து வைக்கின்றனர் என்பதைப் புதியவர்க்கு எடுத்துச் சொல்லச் செய்யலாம். ஒப்பந்தப் பத்திரத்தில் கையெழுத்திடும் முன் விவரமறிந்த ஒருவரிடம் காட்டி வாசிக்கச் செய்யலாம். தனியே நின்ற நெசவாளி பேரம் பேச முடியாதிருந்தான். சேர்ந்து நின்றபின் பேசினான். நம் பெண்களும் முதல் உத்தியோகத்தின் வாயிலில் தனியே நிற்கவேண்டியதில்லை.