ஆனந்தரங்கர் நாட்குறிப்பை எங்கிருந்து தொடங்குவது?

ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு 1736 செப்டம்பரில் தொடங்கி, 1761 ஜனவரியில் அவர் காலமாகும் காலம்வரை நீள்கிறது. நடுவில் பல மாதங்களுக்குத் தாள்களே இல்லை. அப்படியும் அச்சில் 12 தொகுதிகள். முதல் தொகுதியை எடுத்து வரிசையாகப் படிக்கப் புகுந்தால் சலிப்புத் தட்டும்: கப்பல் வந்தது, சரக்கு இறங்கியது, இன்னார் வீட்டுக் கல்யாணம், இன்னாருக்கு எத்தனை குண்டு மரியாதை. எழுதியவர் புத்தகம் எழுதவில்லை. அன்றன்றைய பாட்டைக் குறித்து வைத்தார், அவ்வளவுதான்.

பிள்ளை 1709இல் சென்னையை அடுத்த பெரம்பூரில் பிறந்தவர். தந்தை திருவேங்கடம் பிள்ளை வியாபாரத்துக்காகப் புதுச்சேரிக்குக் குடிவந்தார். மகன் பிரெஞ்சுக் கும்பினியின் தலைமைத் துபாசியானார்; கவர்னர் துய்ப்ளேக்கும் ஊர் வியாபாரிகள், நவாபுகள், பாளையக்காரர்களுக்கும் நடுவில் நின்று பேசி முடிக்கும் வேலை. துணி பேரமும் படையெடுப்பும் ஒரே நாளின் குறிப்பில் வருவது அதனால்தான்.

புதிதாகப் படிப்பவருக்கு 1746ஆம் ஆண்டே நல்ல வாசல். அந்த ஆண்டு பிப்ரவரியில் தலைமைத் துபாசி கனகராய முதலியார் இறந்துபோகிறார். அந்தப் பதவி யாருக்கு என்ற இழுபறி தொடங்குகிறது. யார் யாரிடம் கோள் சொன்னார்கள், கவர்னர் என்ன கேட்டார், தாம் என்ன பதில் சொன்னோம் என்று பிள்ளை பேச்சுப் பேச்சாக எழுதுகிறார். செப்டம்பரில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி லபூர்தொனே ஆங்கிலேயரிடமிருந்து சென்னையைப் பிடிக்கிறார். 1748இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிடுகிறார்கள், 1749இல் ஆம்பூர்ப் போரில் நவாபு அன்வருதீன் மடிகிறார். இந்த மூன்று, நான்கு ஆண்டுகளைப் படித்த பிறகு தொடக்கத்துக்குத் திரும்பினால், முன்பு வெறும் பெயராக இருந்தவர்கள் தெரிந்த முகங்களாகிவிடுவார்கள்.

தேதியில் கொஞ்சம் கவனம் வேண்டும். பிள்ளை தமிழ் வருஷம், மாதம், கிழமையோடு பிரெஞ்சுக்காரர்களின் தேதியையும் சேர்த்தே குறிக்கிறார். ஆங்கிலேயர் 1752வரை பழைய நாட்காட்டியில் இருந்தார்கள். அது பிரெஞ்சுக்காரர்களுடையதைவிட 11 நாள் பின்தங்கியது. சென்னை வீழ்ந்தது ஆங்கில ஆவணங்களில் செப்டம்பர் 10, பிரெஞ்சுக் கணக்கில் செப்டம்பர் 21. இரண்டும் ஒரே நாள்.

நடையைக் கண்டும் மிரள வேண்டாம். அது அந்தக் காலத்துப் பேச்சுத் தமிழ். கும்பினி, முசியே, கோன்சேல் என்று பிரெஞ்சும் போர்த்துகீசும் பாரசீகமும் கலந்து ஓடும். வாய்விட்டுப் படித்தால் பாதி விளங்கிவிடும். குறிப்புகளில் வரும் தேவனாம்பட்டணம் என்பது கடலூரை ஒட்டிய ஆங்கிலேயரின் கோட்டை. ஒரு வராகன் மூன்று ரூபாய்க்குச் சற்று மேல்.

எதை நம்புவது என்பதுதான் சிக்கலான கேள்வி. 1748 செப்டம்பரில், முற்றுகை நடந்துகொண்டிருக்கும்போதே, புதுச்சேரியின் வேதபுரீசுவரர் கோயிலைப் பிரெஞ்சுக்காரர்கள் இடித்தார்கள். யார் உள்ளே போனார்கள், எதை உடைத்தார்கள், ஊர் மகாநாட்டார் (சாதித் தலைவர்கள்) எப்படி வந்து முறையிட்டார்கள் என்றெல்லாம் பிள்ளை எழுதிய பக்கங்கள் நாட்குறிப்பிலேயே மிகக் கனமானவை. அவற்றுள் அவர் நேரே அறிந்ததும் உண்டு, பிறர் வந்து சொன்னதும் உண்டு. இரண்டையும் பிரித்துப் படிக்க வேண்டும். துய்ப்ளேயின் மனைவி மீது அவருக்குத் தீராத பகை. அந்த அம்மாள் வரும் இடங்களில் ஒரு கட்சி வழக்கை மட்டுமே கேட்கிறோம். தம் சாமர்த்தியத்தைக் கவர்னர் புகழ்ந்ததாக அவர் எழுதுவதையும் சற்றே தள்ளுபடி செய்துகொள்ளலாம். சரக்கு, விலை, கப்பல் பற்றிய குறிப்புகளில் இப்படிப்பட்ட சாய்வுக்கு இடம் குறைவு.

கையெழுத்துப் படிகளை 1846இல் கலுவா மொம்பிரேன் என்ற பிரெஞ்சு அதிகாரி கண்டெடுத்தார். ஆங்கில மொழிபெயர்ப்பு 1904 முதல் 1928வரை வெளிவந்தது. தமிழ் மூலம் புத்தகமாக வரத் தொடங்கியதோ 1948இல்தான்! மு. ராஜேந்திரன், அ. வெண்ணிலா பதிப்பித்த 12 தொகுதிகள் இப்போது கிடைக்கின்றன. நேரடியாக மூலத்தில் இறங்கத் தயங்குபவர்கள் பிரபஞ்சனின் 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' நாவல்களை முதலில் படிக்கலாம். இந்த நாட்குறிப்பை ஆதாரமாகக் கொண்டவை அவை. ஆனால் அவை புனைவு. பிள்ளைக்குப் பின் அவர் தம்பி மகன் திருவேங்கடம் பிள்ளை எழுதிய குறிப்புகளும் உள்ளன. பெரியவருடையதை முடித்தவர்கள் பார்க்க வேண்டியவை அவை.