எரிபொருள் சிக்கன வாகனங்களுக்கான வரிச்சலுகை: பயன் யாருக்கு? – வீரபாண்டியை முன்வைத்து

முன்னுரை

திருப்பூரின் தென்பகுதியில், பல்லடம் சாலையை ஒட்டியுள்ள வீரபாண்டியிலிருந்து பனியன் கம்பெனிகளுக்குச் செல்லும் தொழிலாளர் பலருக்கு இருசக்கர வாகனம் தவிர்க்க இயலாதது. பெட்ரோல் செலவு அவர்தம் கூலியிலிருந்தே கழிகிறது. எரிபொருள் சிக்கனத்தை ஊக்குவிக்கும் வரிச்சலுகைகள் இத்தகையோரைச் சென்றடைகின்றனவா என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

வரியின் அளவுகோல்

தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல், ஒரு இலட்சம் ரூபாய் வரையிலான புதிய இருசக்கர வாகனத்திற்கு விலையில் 10 விழுக்காடும், அதற்கு மேற்பட்டதற்கு 12 விழுக்காடும் வாழ்நாள் வரியாகும். சரக்கு மற்றும் சேவை வரி, 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான பெட்ரோல் இருசக்கர வாகனங்களுக்கு 18 விழுக்காடு. முன்னதற்கு விலையும் பின்னதற்கு எஞ்சின் கொள்ளளவுமே அளவுகோல். மைலேஜ் இரண்டிலும் கணக்கில் இல்லை. ஆகவே, சிக்கனமான மொபெட்டும் 350 சிசி பைக்கும் 18 விழுக்காடே செலுத்துகின்றன. இதற்கு மாறாக, பிரான்சு 2008 முதல் கிலோமீட்டருக்கு வெளியாகும் கரியமில வாயுவின் அளவைக் கொண்டு, குறைவாக வெளியிடும் கார்களுக்கு ஊக்கத்தொகையும் மிகுதியாக வெளியிடுவனவற்றிற்குக் கூடுதல் வரியும் விதித்தது.

கழிவும் மானியமும்

இந்தியாவில் சலுகை பெரும்பாலும் மின்வாகனத்தையே சார்ந்தது. அதற்கான சரக்கு மற்றும் சேவை வரி 2019 ஆகஸ்டில் 12இலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தது. தமிழ்நாடு அரசு தனது 2023ஆம் ஆண்டுக் கொள்கையில் வாகன வரிவிலக்கை 2025 இறுதி வரை அளித்தது. வருமானவரிச் சட்டத்தின் 80ஈஈபி பிரிவு, 2019 ஏப்ரல் முதல் 2023 மார்ச் வரை வழங்கப்பட்ட மின்வாகனக் கடனின் வட்டியில் ஆண்டுக்கு 1.5 இலட்சம் ரூபாய் வரை கழிவு தந்தது. முழுக் கழிவையும் பெற்று 30 விழுக்காடு வரி செலுத்துபவருக்கு இதனால் 45,000 ரூபாய் மிச்சமாகும். வருமானவரி செலுத்தும் நிலையில் இல்லாத தையல் தொழிலாளிக்குக் கிடைப்பது சுழியமே.

மானியமோ விலையிலேயே கழிக்கப்படுவதால் வருமான வேறுபாடு பாராது. ஆயினும் மின் இருசக்கர வாகனத்திற்கு கிலோவாட்மணிக்கு 15,000 ரூபாயாக இருந்த அத்தொகை, 2023 ஜூனில் 10,000 ஆகவும், 2024 ஏப்ரலில் 5,000 ஆகவும், பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் 2025 ஏப்ரலில் 2,500 ஆகவும் குறைக்கப்பட்டது. பழைய வண்டி வாங்குவோருக்கு இவற்றுள் எதுவும் பொருந்துவதில்லை.

முடிவுரை

வருமானவரிக் கழிவு வரி செலுத்துபவருக்கே உதவுகிறது. விலையில் கழியும் மானியமே கூலித் தொழிலாளியை எட்டுகிறது. எட்டும் கருவி சுருங்கிவரும் நிலையில், பெட்ரோல் வாகனங்களின் வாழ்நாள் வரியை மைலேஜுக்கேற்ப ஏற்றியிறக்கி அமைப்பது ஆராயத்தக்கது. அவ்வாறு அமையின், மின்வாகனம் வாங்க இயலாதவரும் சிக்கனத்தின் பயனைப் பெறுவர்.