சட்டம் போனால் ஒப்பந்தமும் போகுமா?

நாமக்கல், ராசிபுரம் பக்கத்தில் கம்பெனியிடம் குஞ்சும் தீவனமும் வாங்கி, வளர்ப்புக் கூலிக்குக் கறிக்கோழி வளர்ப்பவர்கள் பலர். இப்படிப்பட்ட ஒப்பந்தங்களுக்கென்று மத்திய அரசு 2020-ல் தனிச் சட்டம் போட்டது. தகராறு வந்தால் ஆர்.டி.ஓ.விடம் முறையிடலாம், பாக்கிக்காக விவசாயியின் நிலத்தில் கை வைக்கக் கூடாது என்றது அச்சட்டம். 2021 ஜனவரி 12-ல் சுப்ரீம் கோர்ட் அதை நிறுத்தி வைத்தது. நவம்பரில் நாடாளுமன்றம் ரத்து செய்தது.

"சட்டமே போயிற்று, பத்திரம் செல்லாது" என்று யாரேனும் சொன்னால் நம்பி விடாதீர்கள். ஒப்பந்தம் நிற்பது 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் பலத்தில். ரத்தான சட்டம் அமலில் இருந்தபோது உண்டான உரிமையைக்கூட, வக்கீல்கள் ஜெனரல் கிளாசஸ் சட்டம் என்று சொல்லும் 1897-ம் ஆண்டுச் சட்டத்தின் 6-வது பிரிவு காப்பாற்றுகிறது. (கெடு வைத்துப் போட்ட சட்டம் தானாகவே காலாவதியானால் இந்தப் பிரிவு உதவாது. அந்தச் சட்டத்திலேயே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.)

ரத்துக்குப் பிறகு எழுதிய பத்திரத்துக்கு மட்டும் அந்தச் சட்டம் தந்த ஆர்.டி.ஓ. வழியும் நிலப் பாதுகாப்பும் கிடையாது.

கூலி பாக்கிக்கு வழக்குப் போட, பணம் தர வேண்டிய நாளிலிருந்து பொதுவாக மூன்றே ஆண்டுதான் கெடு. குஞ்சு இறக்கிய சீட்டு, தீவனச் சீட்டு, எடைச் சீட்டு எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். ஒப்பந்த நகல் கம்பெனியிடமே இருந்தால் முதலில் அதைக் கேட்டு வாங்குங்கள்.